ஆயுத பூசையன்று தரை தட்டிய கப்பல்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து, வருஷக்கணக்கில் எழுதாமலே இருந்துவிட்டேன். இரண்டு தடவை மகளின் பழைய பள்ளி நோட்டில் தொடங்கினேன். இரண்டு தடவையும் ஒரு இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. அந்த இடத்தில் நான் என் வீட்டுக்காரரிடம் சொன்ன ஒரு வார்த்தை இருக்கிறது. எட்டாவது வரைக்கும்தான் படித்தேன், எழுத வராது என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டேன். அது பொய். தினமும் விளக்கேற்றி அம்மன் படத்துக்கு முன்னால் உட்காருகிறேன். அவளுக்குத் தெரிந்ததை மனுஷரிடம் மறைத்து எனக்கு ஆகப் போவது ஒன்றுமில்லை என்று இப்போது தோன்றிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமான இரண்டாம் மாதமே புனேவுக்கு வந்துவிட்டோம். போபோடியில் ரயில் பாதையை ஒட்டி, சால் என்கிற வரிசை வீட்டுக் கட்டடத்தில் மாடியில் ஒன்றரை அறை. அவர் சிஞ்ச்வட்டில் பம்பு செய்கிற ஒரு கம்பெனியில் ஃபிட்டர். தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் கம்பெனியைச் சாத்திவிட்டார்கள். எட்டு மாதம் சைக்கிளை எடுத்துக்கொண்டு கேட் கேட்டாக அலைந்தார். கடைசியில், கூட வேலை பார்த்த ஒருவர் சொல்லி, மும்பைக்குப் போய், பரீட்சை எழுதி, டாக்டர் சர்டிபிகேட் வாங்கி, ஒரு சரக்குக் கப்பலில் ஃபிட்டராகச் சேர்ந்தார். கடலைத் திருச்செந்தூரில் முழங்கால் ஆழத்துக்குமேல் பார்த்திராத மனுஷர் அவர். ஒன்பது மாதம் கப்பல், மூன்று மாதம் வீடு என்று எங்கள் வாழ்க்கை மாறியது.

பம்பு கம்பெனியில் இருந்தவரைக்கும் ஆயுத பூசை என்றால் அவருக்கு ஒரு முறை உண்டு. ஸ்பானர், சுத்தியல், அரம் எல்லாவற்றையும் டீசலில் கழுவித் துடைத்து, குங்குமம் வைத்து, சாமிக்கு முன்னால் பரப்பிவிடுவார். மறுநாள் விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டிய பிறகுதான் தொடுவார். நடுவில் வீட்டுக் குழாய் ஒழுகினால்கூடத் துணியைச் சுற்றி வைத்துவிடுவார். கப்பலில் போன முதல் வருஷம் அதெல்லாம் முடியவில்லை. பூசையன்றும் வேலை பார்த்திருக்கிறார். அந்த வாரமே இடது கைக் கட்டைவிரல் நகம் நசுங்கிவிட்டது. அதற்கும் இதற்கும் நான் முடிச்சுப் போட்டேன். இரண்டாம் தடவை அவர் கிளம்பும்போது பெட்டியில் அம்மன் படத்தையும் விபூதியையும் குங்குமத்தையும் வைத்துவிட்டு, கையை நீட்டினேன்.

“இந்தத் தடவை பூசையன்னைக்கு ஆயுதத்தைத் தொடக் கூடாது. சத்தியம் பண்ணுங்க.”

“நடுக்கடல்ல போயி லீவு கேக்கச் சொல்லுதியா?”

“லீவு யாரு கேக்கச் சொன்னா? ஸ்பானரைத் தொடாதீங்கன்னுதான் சொல்லுதேன். பெருக்குங்க, துடைங்க, பெயிண்ட் அடிங்க.”

“பெயிண்ட் பிரஷ்ஷு மட்டும் ஆயுதம் இல்லையோ?”

“சிரிக்காதீங்க. எனக்காக.”

சிரித்துக்கொண்டேதான் கையில் அடித்துக் கொடுத்தார்.

அந்த வருஷம் நவமியன்று நான் என் தையல் மிஷினுக்கும் மகளின் புத்தகங்களுக்கும் பொட்டு வைத்தேன். மறுநாள் இங்கே தசரா. கீழ் வீட்டு மராட்டி அம்மா, காக்கு என்றுதான் கூப்பிடுவேன், ஆப்டா இலையைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்து, “சோனம் க்யா,” என்றாள். தங்கம் வாங்கிக்கொள் என்று அர்த்தம். இந்த ஊரில் அன்றைக்கு அந்த இலைதான் தங்கம். அவள் மாடிப்படி இறங்குவதற்குள் அவள் வீட்டு போன் அடித்தது. எங்களிடம் போன் கிடையாது. காக்குவின் நம்பரைத்தான் கப்பல் ஆபீசில் கொடுத்திருந்தோம். காக்குவின் வீட்டுக்காரர் பேசிவிட்டு என்னைக் கூப்பிட்டார். அவர் கட்கி ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் வேடிக்கையாகச் சொல்லித்தான் ஆளைத் தேற்றுவார். என்னைப் பேட்டி, மகளே, என்றுதான் கூப்பிடுவார்.

“பேட்டி, முதல்ல உட்காரு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. துறைமுகத்துக்கு உள்ளே வரும்போது கப்பல்ல கரண்டு போயிடுச்சாம். இன்ஜின் நின்னு, சுக்கானும் திரும்பாம, மணல்ல போய் ஏறிடுச்சு. அது என்ன ஸ்கூட்டரா, சாய்ச்சுப் போட்டு நாலு கிக் அடிச்சுக் கிளப்ப? நாளாகும். அவ்வளவுதான்.”

சாயங்காலம் அவரே பேசினார். கப்பலில் இருந்த சேட்டிலைட் போனில் ஆளுக்கு இரண்டு நிமிஷம். கேப்டனின் அறையில், கேப்டனுக்கு எதிரே நின்றுகொண்டு பேச வேண்டும். இந்தப் பக்கம் நான், காக்கு, அவள் வீட்டுக்காரர், மருமகள், ஒரு தட்டில் ஸ்ரீகண்ட் என்கிற தயிர் இனிப்பும் பூரியும். ஒரு அறை நிறைய ஆட்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நல்லா இருக்கேன். அடிகிடி இல்ல. ஒண்ணு சொல்லுதேன், குறுக்க பேசாம கேளு. இங்க யாருக்கும் தமிழ் தெரியாது,” என்றார்.

“சொல்லுங்க.”

“மூணாம் இன்ஜினியர் நேத்துக் காலையில என்னைக் கூப்பிட்டு, ஜெனரேட்டர் ஃபில்டரைக் கழட்டிக் கழுவிப் போடுன்னாரு. சரின்னு தலையாட்டிட்டேன். ஸ்பானரெல்லாம் சாமி முன்னால இருந்துச்சு. காலையில எடுத்துச் செஞ்சுக்கலாம்னு விட்டுட்டேன். ரெண்டு நாளு நங்கூரத்துலதான் கெடப்போம்னு சொல்லியிருந்தாவ. திடீர்னு சாயங்காலமே உள்ள வாங்கன்னுட்டாவ.”

“அவருகிட்ட நாளைக்குச் செய்யுதேன்னு சொல்லலையா?”

“சொல்லல. நான் செஞ்சிருப்பேன்னு நம்பி அவரு கழுவியாச்சுன்னு புக்குல எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டாரு. உள்ள வரும்போது அந்த ஃபில்டர்தான் அடைச்சிக்கிட்டு. ஒரு ஜெனரேட்டர் நின்னுது. பாரம் தாங்காம அடுத்ததும் நின்னுது.”

“இப்ப உங்களைக் கேட்டாவளா?”

“இன்னும் கேக்கல. அவரைத்தான் கேட்டுக்கிட்டு இருக்காவ.”

இதுதான் என் கை நின்ற இடம். நான் சொன்னேன்: “கேக்காட்டி சொல்லாதீங்க. யாருகிட்டயும் சொல்லாதீங்க.”

அதற்கு அவர், “பிள்ளைய பாத்துக்கோ,” என்றார். போன் நின்றுவிட்டது. காக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னார் என்று கேட்டாள். நன்றாக இருக்கிறாராம் என்றேன். ஸ்ரீகண்டைக் கையில் கொடுத்தார்கள். தின்றேன்.

கப்பல் ஏறியிருந்தது உடைகிற இடத்தில் அல்ல. சேறும் மணலுமான மேடு. தண்ணீர் நன்றாக ஏறினால்தான் இழுக்க முடியும். நவமியில் கடல் ஏற்றம் குறைவு, பௌர்ணமிக்கோ அமாவாசைக்கோதான் பெரிய ஏற்றம் வரும் என்று ஆபீஸ்காரர் சொன்னதைக் காக்குவின் வீட்டுக்காரர் எனக்கு விளக்கினார். பிரதோஷத்துக்கும் கிருத்திகைக்கும் பார்க்கிற பஞ்சாங்கத்தில் கப்பலுக்கு நாள் பார்த்தேன். பௌர்ணமிக்கு ஐந்து நாள் இருந்தது.

அவர்கள் கப்பலை விட்டு இறங்கக் கூடாது என்று உத்தரவு. கரை கண்ணுக்குத் தெரியும், கோயில் கோபுரம் மாதிரி துறைமுகத்துக் கிரேன் தெரியும், போக முடியாது என்று பின்னால் அவர் சொன்னார். கப்பல் லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்ததால் தட்டில் ரசம் ஒரு ஓரமாகவே நிற்குமாம். படுத்தால் உடம்பு சுவரோடு போய் ஒட்டிக்கொள்ளுமாம். மூன்றாம் இன்ஜினியரும் இவரும் ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். வேறு மேஜை கிடையாது.

நான் மட்டும் இறங்கிப் போனேனா? போன் வந்துவிடுமோ என்று காய்கறிக்குக்கூடப் போகவில்லை. காக்கு தன் பையோடு என் பையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போவாள். மகள் பள்ளிக்கூடத்தில் எங்கள் கப்பல் மாட்டிக்கொண்டது என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தாள். சாயங்காலம் விளக்கேற்றுவேன். ஏற்றிவிட்டு என்ன வேண்டுவது என்று தெரியாது. அவரைக் காப்பாற்று என்று வேண்டினால், அந்த மூன்றாம் இன்ஜினியர் மாட்டட்டும் என்று வேண்டுவதாக ஆகிறது. கண்ணை மூடிச் சும்மா உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் ரயில் போகும்போது படத்துக் கண்ணாடி அதிரும்.

தசரா முடிந்து மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு பெண் மாடி ஏறி வந்தாள். சிஞ்ச்வட்டிலிருந்து லோக்கல் ரயிலில் வந்திருக்கிறாள். ஐந்து மாதக் கர்ப்பம். மூச்சு வாங்கிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். அந்த மூன்றாம் இன்ஜினியரின் மனைவி. ஆபீசில் என் விலாசத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். ஒரே ஊரில், நாலைந்து ஸ்டேஷன் தள்ளி அவர்கள் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவள் மராட்டியும் ஹிந்தியும் கலந்து பேசினாள். எனக்கு விளங்கியபடி தமிழில் எழுதுகிறேன். வஹினி என்றால் அண்ணி.

“வஹினி, நீங்க தப்பா நினைக்கக் கூடாது. செய்யாத வேலையைச் செஞ்சதா எழுதிட்டார்னு என் வீட்டுக்காரரைச் சொல்றாங்க. ஃபிட்டர்கிட்ட சொன்னேன், அவர் தலையாட்டினார்னு இவர் சொல்றார். உங்க வீட்டுக்காரர் பேசினா ஒரே ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க. அந்த ஃபில்டரைக் கழுவினாரா, இல்லையா?”

“அவர் அதிகம் பேசல,” என்றேன். “பேசினா கேக்கேன்.”

“எங்க வீட்டுல இவர் பால் பாக்கெட் வாங்க மறந்தாக்கூட வாங்கிட்டேன்னு சொல்லத் தெரியாத ஆளு. ஆனா புக்குல கையெழுத்து இருக்கே. எதை நம்புறது?”

நான் டீ போட உள்ளே போனேன். ஒன்றரை அறையில் உள்ளே என்பது நான்கு அடி. அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, டீ கொதித்துப் பொங்குகிற வரைக்கும் நின்றேன். அவள் டீயைக் குடித்துவிட்டு, எங்கள் அம்மன் படத்தின் முன்னால் போய்க் கும்பிட்டாள். கிளம்பும்போது இந்த ஊர் வழக்கப்படி அவளுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்துவிட வேண்டும். வைத்தேன். குங்குமம் அவள் மூக்கில் கொட்டிவிட்டது. அவள் சிரித்தாள். “மூக்கில் விழுந்தா புருஷனுக்குப் பிரியம் ஜாஸ்தியாம், வஹினி,” என்றாள். படியில் இறங்கும்போது ஒரு கையால் வயிற்றையும் ஒரு கையால் சுவரையும் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

பௌர்ணமிக்கு மறுநாள் இரண்டு இழுவைப் படகு கட்டி இழுத்தார்கள். கப்பல் அசையவில்லை. அடுத்தது அமாவாசைதான் என்று சொல்லிவிட்டார்கள். அன்று அவருக்கு மறுபடி இரண்டு நிமிஷம் கிடைத்தது.

“சாப்பிட்டியளா?”

“சாப்பிட்டேன். நீ சொன்னபடியே இருக்கேன். யாருகிட்டயும் வாயத் திறக்கல.”

“சொல்லிருங்க.”

“என்னது?”

“போயிச் சொல்லிருங்க. நான் கழுவல, பூசைன்னு விட்டுட்டேன்னு சொல்லிருங்க.”

“அன்னைக்கு நீதானட்டி சொல்லாதீங்கன்ன?”

“நான்தான் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். அவரு சம்சாரம் இங்க வந்திருந்தா. பிள்ளத்தாச்சி. எனக்கு அவ மூஞ்சியப் பாக்க முடியல.”

“சொன்னா இனிமே எவனும் கப்பல்ல ஏத்த மாட்டான். கேஸு கீஸுன்னுகூடப் பேசுதாவ. மறுபடி சிஞ்ச்வட்டுல கேட்டு கேட்டா நிக்கணும்.”

“நிப்போம்.”

“உனக்கென்ன, சொல்லிட்ட.”

அந்தப் பக்கம் யாரோ ஹிந்தியில் நேரம் முடிந்தது என்றார்கள். லைன் போய்விட்டது. அவர் சொல்வாரா மாட்டாரா என்று எனக்குத் தெரியாது. மறுநாள் ஆபீசிலிருந்து, விசாரணைக்காரர்கள் கப்பலுக்கு வருகிறார்கள், முடிகிற வரைக்கும் யாரும் வீட்டுக்குப் பேச முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

பன்னிரண்டு நாள் அப்படிப் போயிற்று. முறுக்குக்கு மாவு அரைத்தேன். மகளுக்குப் பாவாடை தைத்தேன். அளவு தவறிப்போய் மறுபடி பிரித்தேன். சிஞ்ச்வட்டுக்குப் போய் அவளிடம் நானே சொல்லிவிடலாமா என்று ஒரு நாள் கட்கி ஸ்டேஷன் வரைக்கும் போனேன். டிக்கெட் வரிசையில் நின்று, என் முறை வந்ததும் விலகிவிட்டேன். நான் சொல்லி, அவர் அங்கே சொல்லாமல் விட்டிருந்தால் என் புருஷனை நானே காட்டிக் கொடுத்ததாக ஆகும். சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு இன்னொரு நாள் நரகம். ஸ்டேஷன் பெஞ்சில் இரண்டு ரயிலை விட்டுவிட்டு வீடு திரும்பினேன்.

தீபாவளியன்று காலை எண்ணெய் தேய்த்துக் குளித்து, மகளுக்குப் புதுத்துணி போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த இன்ஜினியரின் மனைவி வந்தாள். கையில் பலகாரம் இல்லை. இந்தத் தடவை உள்ளே வந்து, நான் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“நேத்து அவர் பேசினார். உங்க வீட்டுக்காரர் எல்லாத்தையும் சொல்லிட்டாராம். எழுதி வாங்கறதுக்குப் படகுல கரைக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்களாம்.”

எனக்கு மூச்சு வந்தது. அம்மா தாயே என்று வாய்க்குள் சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கு நான் இங்க உட்கார்ந்து கேட்டேனே. அப்பவே உங்களுக்குத் தெரியுமா, வஹினி?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாங்கள் பேசியது தமிழில். கேட்டவர் யாருக்கும் புரிந்ததில்லை. அவர் சொன்னதும் நான் சொன்னதும் எங்கள் இருவரைத் தவிர உலகத்தில் எவருக்கும் தெரியாது.

“தெரியும்,” என்றேன். “சொல்லாதீங்கன்னு அவருகிட்ட சொன்னதே நான்தான்.”

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“இங்கேர்ந்து வீட்டுக்குப் போன அன்னைக்கு அவர் போன் வந்துச்சு. நீங்க பொய் எழுதினீங்களான்னு நான் கேட்டேன். நீகூடவான்னார். அதோட லைன் போச்சு. அந்தக் கேள்வியை நான் எப்படித் திருப்பி வாங்கறது? சொல்லுங்க.”

அவள் எழுந்தாள். தெருவரைக்கும் பின்னாலேயே போனேன். பிள்ளைகள் வெடித்துப் போட்ட காகிதம் தெருவெல்லாம் கிடந்தது. ரிக்‌ஷாவில் ஏறும்போது கை கொடுக்கப் போனேன். அவள் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டாள்.

அமாவாசைக்கு மறுநாள் கப்பல் மணலை விட்டு இறங்கியது. இவர் கார்த்திகை பாதியில் வீடு வந்தார். அந்தக் கம்பெனியின் கப்பல்களில் இனி இவருக்கு வேலை இல்லை என்று ஒரு கடிதம் கையில் கொடுத்திருந்தார்கள். கேஸ் எதுவும் போடவில்லை. பார்க்காமல் கையெழுத்துப் போட்டதற்காக மூன்றாம் இன்ஜினியருக்கு ஒரு எச்சரிக்கை மட்டும் கொடுத்தார்களாம். இவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “நீ சொன்னதுக்காகச் சொல்லல. அந்த மேஜையில என்னால சாப்பிட முடியல,” என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி எங்களுக்குள் அதிகம் பேசியதில்லை. மோட்டார் ரிப்பேர் செய்யும் ஒரு பட்டறையில் சேர்ந்தார். இரண்டாயிரம் பிறந்து பல வருஷம் ஆகியும் அங்கேதான் இருந்தார்.

ஆயுத பூசையை நாங்கள் விடவில்லை. அம்மன் மேல் எனக்குக் குறை ஒன்றுமில்லை. ஒருவர் நம்மை நம்பிக் கொடுத்த வேலையைச் சொல்லாமல் கிடப்பில் போடு என்று அவள் கேட்கவில்லை. நான் கேட்டேன். அவரும் செய்தார். பூசை என்று வாய் திறந்து சொல்லியிருந்தால், அந்த இன்ஜினியர் மராட்டிக்காரர், அவர்கள் வீட்டிலும் அன்றைக்கு ஆயுதத்துக்குப் பூசை உண்டு, வேறு ஆளை விட்டுக் கழுவியிருப்பார். சிரிப்பாரோ என்று இவர் கூச்சப்பட்டிருக்கிறார்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன நவராத்திரியில் எங்கள் தமிழ்க்காரர்கள் கோயிலில் ஒருவர் பிரசங்கம் செய்தார். ஆயுத பூசை போட்ட பலனால் ஒரு கப்பல் உடையாமல் மணலில் பூப்போல இறங்கியது, அமாவாசையன்று அம்மனே இழுத்து விட்டாள், அந்தக் குடும்பம் நம் போபோடியில்தான் இருக்கிறது என்றார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பக்கத்திலிருந்தவள் என் கையைப் பிடித்து, “ஒங்க வீட்டுக் கதைதானே அக்கா?” என்றாள். நான் பெண்கள் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு சும்மா இருந்தேன். மறுபடியும் சும்மா இருந்தேன். வீட்டுக்கு வந்து அன்றைக்கே நோட்டை எடுத்தேன்.

அந்த இன்ஜினியர் வீட்டுப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. இதை அவள் படிக்கப் போவதில்லை. பிறந்தது ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. அவர்கள் சிஞ்ச்வட்டை விட்டுப் போய்விட்டதாகக் கேள்வி. இதைப் படிக்கிற நீங்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். மராட்டி தெரிந்தவர்கள் மராட்டியிலும் சொல்லுங்கள், ஒரு நாள் அவள் காதுக்குப் போனாலும் போகும். ஆனால் அற்புதம் எதையும் சேர்க்காதீர்கள். என் மேல் இரக்கப்பட்டு எதையும் எடுக்கவும் வேண்டாம். “கேக்காட்டி சொல்லாதீங்க” என்று நான் சொன்னதையும், அவள் புருஷன் பொய் எழுதவில்லை, நம்பி எழுதினார் என்பதையும், எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள்.